அக்கா வர மறுத்த நான்கு மாதம்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்கா நர்ஸ் இல்லை, ராணுவத்தில் மேஜர். வருடக்கணக்காகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அஞ்சலி பிளக்ஸிலேயே "செவிலியர் திலகம்" என்று அடித்துக்கொண்டு வந்தார் பெரியப்பா மகன். ஏன் அண்ணே என்று கேட்டால், "மிலிட்டரில பொம்பளப் பிள்ளைக்கு வேற என்ன வேலதான் குடுப்பாய்ங்க?" என்கிறார். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அம்மாவோடு போய்க் கருவேல விறகு வெட்டிப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். மதுரையில் கல்லூரி, என்.சி.சி. அதிகாரித் தேர்வில் முதல் முறை தோற்று, மறுமுறை வென்றார். என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் போனை வைத்துவிடுவார்.

சண்டை ஓய்ந்தும் ஓயாத ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்கு அமைதிப்படையில் போனார். அங்கே விறகு பொறுக்கப் போகும் பெண்களை ஆயுதக்காரர்கள் வழிமறிப்பார்களாம். பாதுகாப்புக்குப் படை ரோந்து போனது, காலை பத்து மணிக்கு! ஊர்த்தலைவரிடம் கேட்டுக் குறித்த நேரமாம். அக்கா போனில் என்னிடம் கத்தினார்.

"எந்த ஊர்லடி வெயில் ஏறுன பெறகு விறகுக்குப் போவாக? அந்தாளு என்னைக்கு விறகு பொறுக்குனாரு?"

மொழிபெயர்க்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அடுப்படி அடுப்படியாகப் போய் உட்கார்ந்தார். விடியும் முன்பே கிளம்பிவிடுகிறோம் என்றார்கள் பெண்கள். அதன் பிறகு ரோந்தும் விடியும் முன் கிளம்பியது. மறிப்பது யார், எந்த இடத்தில் என்பதையும் அக்காவிடம்தான் சொன்னார்கள். ஆண் அதிகாரிகளிடம் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. அந்த முகாமில் பெண் அதிகாரி அக்கா ஒருவர்தான்.

வினையே அங்குதான் வந்தது. மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது பணிக்காலம் முடிய நான்கு மாதம் இருந்தது. முகாம் மருத்துவரிடம்கூடக் காட்டவில்லை. சொன்னது என்னிடம் மட்டும்.

"உடனே கெளம்பி வாக்கா."

"வாரேன்டி. இப்ப வந்துட்டா இவளுக யாருட்டப் போயிச் சொல்லுவாளுக? மாத்து ஆளு வரட்டும். அம்மாட்ட மூச்சு விட்ட, அதோட எங்கூடப் பேசாத."

ஊரார் வீட்டுப் பெண்கள் மேல் வைத்த கரிசனத்தில் பாதியைத் தன் உடம்பின் மேல் வைத்திருக்கக் கூடாதா? அக்கா வந்து சேர்ந்தபோது நோய் பரவியிருந்தது. ஒன்பது மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். கடைசி வாரத்திலும் அந்தப் பெண்கள் அனுப்பிய குரல் செய்திகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

சிகிச்சை அளித்த மருத்துவர்கள், உண்மையான செவிலியர்கள், ரத்தம் கொடுத்த சமயநல்லூர் நண்பர்கள், தோள் கொடுத்துத் தூக்கிவந்த படைத் தோழர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

"பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்புனா இப்படித்தான்" என்று துக்க வீட்டில் பேசியவர்களுக்கு ஒரு வார்த்தை. தூரம் அக்காவைக் கொல்லவில்லை. அம்மாவிடம் நான் அன்றே சொல்லியிருந்தால் அழுதே அக்காவை வரவழைத்திருப்பார். அக்கா என்னோடு பேசாமல் போய்விடுவார் என்று பயந்து நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது. அவருக்குப் படிக்கவும் தெரியாது. உங்களில் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். என்னால் நேரில் சொல்ல முடியவில்லை.