படத்தில் இல்லாத மூன்றாவது பிள்ளை

பெர்லிட்டாவை நான் அவ்வளவு சீக்கிரம் புகழ்ந்துவிட மாட்டேன். பிலிப்பைன்ஸில் போஹோலுக்குப் பக்கத்துத் தீவுப் பள்ளியில் பதினொரு வருடமாக அடுத்தடுத்த அறையில் பாடம் நடத்துகிறோம். அவளுடைய பிடிவாதம் எனக்குத்தான் தெரியும். சின்னப் பிள்ளைகள் எனக்கு, ஐந்தாம் வகுப்பு அவளுக்கு. ஐந்தாம் வகுப்பு என்றால் மொத்தமே மூன்று பேர்: இரட்டைச் சடை ஐலீன், விடைத்த காது ரோமெல், ஓலைத் தொப்பியைக் கழற்றவே கழற்றாத டாடோய்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் வகுப்பை மூடி, பிள்ளைகளை எதிர்க்கரைப் பள்ளிக்கு மாற்றிவிடுவோம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. காற்று மாதங்களில் அந்தக் கடலில் பெரியவர்களே படகேறத் தயங்குவோம். வகுப்பு நடப்பதற்கு அத்தாட்சியாக மாதாமாதம் படம் வேறு அனுப்ப வேண்டும்.

நானாக இருந்தால் செல்போனில் நாலு படம் எடுத்து அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அவள் தன்னுடைய பழைய டிஜிட்டல் கேமராவைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அதையும் ஒரு பாடமாக்கிவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்து, விரலால் லென்ஸை மறைக்காதே, வெயில் முதுகில் படும்படி நில், ஆனால் உன் நிழல் படத்துக்குள் வரக் கூடாது. நிழல் விழுந்த படத்தைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. உடனே அழிக்கச் சொல்வாள். கொடியேற்றம், காலைக் கஞ்சி, கத்தரிச் செடிக்குத் தண்ணீர் என்று பிள்ளைகள் ஒன்றையும் விடவில்லை.

மூன்றாம் மாதம் அதிகாரி மக்ஸினோ அந்தப் படங்களோடு படகில் வந்து இறங்கினார்.

"முகம் மாறி மாறி வருது, ஆனா எல்லாத்துலயும் ரெண்டு பேருதான் இருக்காங்க. மூணாவது எங்க மேம்?"

மூன்று பேரும் அவர் எதிரில்தான் நின்றார்கள். தினமும் மூன்று பேர் வருகிறார்கள் என்று எப்படி நம்புவது, ஒருநாளைக்கு யாரையாவது கூட்டி வந்து நிறுத்தலாம், பதிவேட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்.

தப்பு எங்களுடையதுதான். மூன்று பேராகப் படத்தில் நின்றால் நடுவில் நிற்பவர் முதலில் செத்துப்போவார் என்பது எங்கள் ஊர்ப் பயம். அதனால் இரண்டு பேர் நிற்க, மூன்றாவது பிள்ளை முறைவைத்துப் படம் எடுத்தது. பெர்லிட்டாவும் கண்டிக்கவில்லை. என் கல்யாணத்தில் நடுவில் நிற்க மாட்டேன் என்று ஓடியவள்தானே அவள். அறிவியல் நடத்துகிறவள் அதை எந்த வாயால் அதிகாரியிடம் சொல்வாள்?

டாடோய்தான் மெல்ல வாயைத் திறந்தான். "நீங்க அழிக்கச் சொன்ன படமெல்லாம் கேமராவுலயே இருக்கு மேம்."

ஏன் அழிக்கவில்லை என்று பெர்லிட்டா கேட்டாள்.

"நெழல்ல நாங்க இருக்கோமே. எங்கள எப்படி நாங்களே அழிக்கிறது?"

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓரத்தில் தேதி இருந்தது. ஐலீனும் ரோமெலும் களை பறிக்கிறார்கள். அவர்கள் காலடியில் ஓலைத் தொப்பி வைத்த நிழல், முழங்கையைத் தூக்கிக்கொண்டு. பையன்கள் இருவரும் கஞ்சி குடிக்கிற படத்தில் இரட்டைச் சடை நிழல். அடுத்ததில் சட்டிக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இரண்டு காது. இப்படி நாற்பது படத்துக்கு மேல்.

மக்ஸினோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இந்தக் காதை எங்க போயும் இரவல் வாங்க முடியாது மேம்," என்று சொல்லி, தாளில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெர்லிட்டா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். கடவுள் புண்ணியத்தில் பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

கிளம்பும்போது மூன்று பேரையும் சேர்த்து ஒரு படம் வேண்டும் என்றார். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்களே தவிர, யாரும் நடுவில் போகவில்லை. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"அட, இதுதானா விஷயம்? சரி, நானும் நிக்கிறேன். நாலாயிடும்."

பெர்லிட்டாதான் படம் எடுத்தாள். வகுப்புச் சுவரில் இன்றும் அது இருக்கிறது. அவளுடைய நிழல் அதிகாரியின் சப்பாத்துவரை நீண்டு கிடக்கிறது. அதை அவள் அழிக்கவில்லை.