இடது அங்கவடி

"கையை நீட்டுடி. விரல் நுனி சேணத்துல படணும், அங்கவடி அக்குள்ல வந்து முட்டணும். உனக்கு இன்னும் ஒரு ஓட்டை மேல ஏத்தணும், குள்ளச்சி."

பேசிக்கொண்டே லவோன், பக்கத்துப் பண்ணை மார்னியின் சேணத்தில் கால் வைத்து ஏறும் அங்கவடியின் வாரை இழுத்துப் பக்கிளை மாட்டினார். ஆள் வேலியோரம் நடந்து வரும்போதே எந்தத் துளை என்று சொல்லிவிடுவார். இலையுதிர்காலத்தில் மலை மேய்ச்சலிலிருந்து மாடுகளை இறக்கும் நாளன்று, அவர் கை படாத சேணத்தில் இந்த வயோமிங் பள்ளத்தாக்கில் யாரும் ஏறுவதில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்க்கு முன்பொரு முறை அவருடைய கணவரின் தம்பி டெல்பர்ட் அகப்பட்டார். குதிரையேறும்போது இரண்டு முறை கால் எட்டாமல் தடுமாறினார், பாவம். "ஏணி கொண்டாரச் சொல்லட்டுமா, டெல்? பேசாம வண்டியில எங்களுக்குச் சோறு கொண்டா!" எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டெல்பர்டும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் குதிரையில் ஏறவே இல்லை. மற்றவர்கள் மலையேற, அவர் பிக்கப் வண்டியில் ரொட்டியும் காபியும் கொண்டுவருகிறார்.

இந்த வருடம் லவோனுக்கே இடுப்பு மக்கர் செய்கிறது. வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் போய், ஏறும் பக்கமான இடது அங்கவடியை இரண்டு துளை இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார். ஏறியதும் குனிந்து பழைய துளைக்கே மாட்டிவிடுவார். பிறகு ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்பார். "இன்னுமா கிளம்பல, சோம்பேறிகளா?" வழியில் இறங்கவே மாட்டார். "கேட்டை யாராவது தெறங்க. நான் எறங்கினா மாடு கலைஞ்சிடும்." இதையும் எல்லோரும் நம்பினார்கள்.

மாடுகளை இறக்கிய அன்று மதியம் கன்றுகள் கீழ்க் கேட்டை நோக்கி ஓடின. பக்கத்தில் ஒருவரும் இல்லை. லவோன் இறங்கிக் கம்பிக் கேட்டை இழுத்துக் கட்டிவிட்டார். ஏறத்தான் முடியவில்லை. அங்கவடியை இறக்கிப் பார்த்தார். குதிரையைப் பள்ளத்தில் நிறுத்திப் பார்த்தார். கால் பாதி தூரம்கூட எழவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் மாடுகளை ஓட்டி வருபவர்களின் சத்தம் கேட்டது. பார்த்துவிட்டால் அடுத்த வருடம் அவருக்கும் வண்டிதான்.

முதலில் வந்தது டெல்பர்டின் வண்டி. இவன் கண்ணிலா பட வேண்டும்! லவோன் குதிரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன அண்ணி, ஏதாச்சும் கோளாறா?"

"பக்கிள் லூசாயிருக்கு. அவ்வளவுதான்."

டெல்பர்ட் தாழ இறக்கியிருந்த வாரைப் பார்த்தார். லவோனின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏணி வேணுமா என்று இப்போது கேட்பான், கேட்கட்டும், எனக்கு இது வேண்டியதுதான் என்று லவோன் தலைகுனிந்து நின்றார்.

டெல்பர்ட் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மேட்டுக்கும் குதிரைக்கும் நடுவே மறைவாக நிறுத்தினார். பின்கதவை இறக்கிப் படி போல விட்டார். "காபி ஆறிடும் அண்ணி, நான் ஊத்தி வைக்கிறேன்" என்று முன்பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிளாஸ்க்கை அவர் திறக்கவே இல்லை.

லவோன் பின்கதவில் ஏறி, அங்கிருந்து சேணத்தில் உட்கார்ந்தார். "டெல்" என்று கூப்பிட்டார்.

"போங்க அண்ணி. எல்லாரும் வர்றாங்க."

கை பழக்கத்தில் இடது பக்கிளுக்குப் போனது. அதைத் தொட்டது. பிறகு பழைய துளைக்கு மாட்டாமலே கடிவாளத்துக்குத் திரும்பியது. ஒரு கால் மடங்கியும் ஒரு கால் நீளமாகத் தொங்கியும் இருக்க, லவோன் வண்டியின் மறைவை விட்டு, வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி குதிரையை அவர்கள் எதிரே நடத்தினார்.