முகத்தில் படாத வலை

சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, இடது உள்ளங்கையில் ஒருமுறை துப்பி, இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டுத்தான் ஏரம்பர் ஓடத் தொடங்குவார். ஓடுகிறவருக்குக் கையில் என்ன வேலை என்று கேட்டால், "மண்வெட்டி பிடிச்ச கை, அது கேக்கும்" என்பார். கேட்டவர் மேலே ஒன்றும் கேட்கமுடியாது.

உருத்திரபுரத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் வயல். காடு வெட்டிக் குடியேற்றக் கொலனி தொடங்கிய காலத்தில் வடமராட்சியிலிருந்து வந்தவர். யானைகளை விரட்டி விரட்டித்தான் கால் ஓட்டத்துக்குப் பழகியது என்று அவர் சொல்லுவார். யானைதான் இவரை விரட்டியது என்று மனைவி ஜெகதீஸ்வரி சொல்லுவா. சீதனமாக வந்த சைக்கிள் ஒன்று வீட்டு முன்பக்கத்து மால் கொட்டிலில் சாய்ந்து நிற்கிறது. அதை அவர் எங்கேயாவது கொண்டுபோனாலும் உருட்டிக்கொண்டுதான் போவார். உட்கார்ந்துகொண்டு போவது நோயாளிகளுக்கு என்பது அவர் எண்ணம்.

வாய்க்கால் கட்டு முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பாதை மெல்ல மேடேறும். மேட்டின் உச்சியில் இரண்டு பாலை மரங்கள். இறங்கினால் சில குடிசைகள், ஒரு வைரவர் சூலம், மறுபடியும் ஒரு மேடு, அதற்கப்பால் இன்னொரு சின்ன ஊர், கடைசியில் அக்கராயன் குளக்கட்டு. அங்கே தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுற்றுப்பாதையால் வீடு திரும்பி, பழஞ்சோறு கரைத்துக் குடித்துவிட்டு வயலில் இறங்குவார். மழையென்றாலும் பனியென்றாலும் இதில் மாற்றமில்லை.

அந்த இரண்டு பாலை மரங்களுக்கும் நடுவே இரவிரவாக ஒரு சிலந்தி வலை கட்டும். விடியற்காலையில் முதலாவதாக வருகிறவரின் முகத்தில் அது அறும். எத்தனையோ வருடமாக அந்த முகம் ஏரம்பருடையதுதான். நூல் மூக்கிலும் புருவத்திலும் ஒட்டிக் கிடக்க, குளம் வரைக்கும் அதைத் துடைக்கமாட்டார். வேறு ஆட்கள் சந்தனப்பொட்டை எப்படிக் கவனமாக வைத்திருப்பார்களோ, அப்படித்தான் அவர் அந்த நூலைக் கொண்டுபோவார்.

பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வழியிலுள்ள வீடுகளுக்கு அவர்தான் மணிக்கூடு. அவருடைய காலடி கேட்டால் மேட்டுக்கு அப்பால் குடிசையிலிருக்கும் அன்னபாக்கியம் எழும்பித் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவா. மாட்டுக்காரர்கள் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும்போது, இரவு முறைக்காரன் தன் வயலுக்குத் தண்ணீர் போகும் வாயை அடைத்துப் பகல் முறைக்காரனுக்கு விடுவதும் ஏரம்பர் மதகைக் கடக்கிற நேரத்தில்தான். ஊருக்குப் பொறுப்பான விதானையார் எழுதிவைத்த சட்டமல்ல. ஆனால் சட்டத்தை மீறினாலும் மீறுவார்கள், இதை ஒருவரும் மீறியதில்லை.

வைகாசியில் ஒருநாள் ஏரம்பர் மேடேறிப் பாலை மரங்களுக்கு நடுவால் போனார். முகத்தில் ஒன்றும் படவில்லை. சிலந்திக்கு என்ன வந்ததோ என்று நின்று பார்த்தார். இரண்டு பக்க மரத்திலும் அறுந்த நூல் ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஈரமணலில் புதிதாகப் பதிந்த வெறுங்கால் அடிகள். விரல்கள் விரிந்து, குதி பதியாமல், எட்டி எட்டி வைத்த அடிகள். அவர் தன் காலைப் பக்கத்தில் வைத்து ஒரு பாய்ச்சல் பாய்ந்து பார்த்தார். எட்டவில்லை.

அன்றைக்கு அன்னபாக்கியம் வீட்டில் தேத்தண்ணி கொதித்து ஆறியும் போயிருந்தது. "முதல் ஒருக்காப் போனியள், பிறகும் வாறியள்? இண்டைக்கென்ன, ரண்டு சுத்தோ?" என்று அவா கேட்டா. ஏரம்பர் இல்லை என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினார்.

ஆளைக் கண்டுபிடிக்க அதிக நாள் எடுக்கவில்லை. கொன்ஸ்ரன்ரைன், கொக்கிளாய்ப் பெடியன். அக்கராயனில் குளக்கட்டு வேலைக்கு வந்து, உருத்திரபுரத்தில் தமக்கை கிறேஸ் வீட்டில் தங்கியிருக்கிறான். வெயில் ஏறமுன் மண் சுமக்கவேண்டும், சைக்கிள் இல்லை, அதனால் சோற்றுச் சட்டியைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால் அது. அவனுக்கு இது பந்தயமில்லை, வேலைக்குப் போகிற வழி. ஏரம்பருக்கு அதுதான் தாங்கமுடியவில்லை. தான் உயிராய் வைத்திருக்கிற ஒன்றை மற்றவன் வேலைக்குப் போகிற போக்கில் எடுத்துக்கொண்டு போனால் ஆருக்குத்தான் பொறுக்கும்?

வீட்டில் மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. பெடியனுக்குக் கால் கோணல் என்றார். ஓடுகிற விதம் கொக்குப் பாய்கிற மாதிரி என்றார். ஜெகதீஸ்வரி கேட்டுக் கேட்டுச் சிரித்தா. "உங்களுக்கு அந்தச் சிலந்தியிலை கோவமோ, பெடியனிலை கோவமோ?" என்று கேட்டா. அத்தோடு விட்டாவா, கிணற்றடியில் கிறேசிடமும் சொல்லிச் சிரித்தா. கிறேஸ் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது வீட்டுக்குள் கிடந்த கதை. அந்தக் கிழமை இரவு முறை அப்புத்துரைக்கு, பகல் முறை மயில்வாகனத்துக்கு. காவல் கொட்டிலில் படுத்திருந்த மயில்வாகனம் இருட்டோடு காலடி கேட்டு எழும்பி, அப்புத்துரையின் வயல் வாயை அடைத்துத் தன் வாயை வெட்டிவிட்டார். அப்புத்துரையின் கடைசிப் பாத்தி ஈரம் காணாமல் கிடந்தது. இருவரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க, ஆட்கள் விலக்கி விதானையாரிடம் கொண்டுபோனார்கள்.

பின்னேரம் வாய்க்கால் தலைப்பில் எல்லாரும் கூடினார்கள். விதானையார் இழுபடவில்லை. ஏரம்பருடைய காலடிக்குத்தான் முறை மாறும், வேறொருவன் ஓடினதைக் கேட்டு மாற்றியிருந்தால் பிழை மயில்வாகனத்தில், அவர் தண்ணியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றார். ஏரம்பரே நேரம் தப்பி ஓடியிருந்தால் பிழை ஏரம்பரில், அவருடைய முறையில் பாதி அப்புத்துரைக்கு. சொல்லிவிட்டு ஏரம்பரைப் பார்த்தார். "இண்டைக்கு இருட்டோடை ஓடினது ஆர்? நீரோ, வேறை ஆளோ?"

வேலை முடிந்து வந்த கொன்ஸ்ரன்ரைன் சோற்றுச் சட்டியோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். விசயம் விளங்கியதும் வாயைத் திறக்கப் பார்த்தான். ஏரம்பர் கண்டுவிட்டார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் அவருடைய வயலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த கேள்வி, உமக்கு முன்னாலே ஓடுகிறவன் ஆர் என்பதுதானே? நாளைக்கு அன்னபாக்கியம் ஆருடைய காலடிக்கு அடுப்பு மூட்டுவா?

"நான்தான் ஓடினனான்" என்றார் ஏரம்பர். "நித்திரை வரேல்லை. வெள்ளன வெளிக்கிட்டிட்டன்."

கொன்ஸ்ரன்ரைன் சோற்றுச் சட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தமக்கை வீட்டுக்கு நடந்தான்.

அன்றிரவு ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை. கதிர் வருகிற நேரத்தில் பாதித் தண்ணியைத் தாரைவார்த்துவிட்டு வந்த மனுசனுக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்து, "உங்கடை எரிச்சலுக்கு எங்கடை பயிர் காயுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனா. இருட்டோடு ஓடுகிறவன் தான்தான் என்று ஏரம்பர் ஊருக்குச் சொல்லியாயிற்று. இனி ஓடித்தானே ஆகவேண்டும்?

மறுநாள் சேவல் கூவமுன் வாய்க்கால் கட்டில் இறங்கினார். மேட்டில் ஏறும்போது பாதையின் ஓரத்தில் ஓர் உருவம் நின்றது. தோளில் சோற்றுச் சட்டி. மூச்சு ஆறியிருந்தது. வந்து கனநேரம்போல. பாலை மரங்களுக்கு நடுவே வலை பனியோடு முழுசாகத் தொங்கியது.

"அண்ணை, நீங்கள் முன்னுக்குப் போங்கோ" என்றான் கொன்ஸ்ரன்ரைன். "நான் பிறகு வாறன்."

மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் ஏரம்பருக்கு உச்சியில் எரிந்தது. பெடியன் வந்து, நின்று, இளைப்பாறி, அவருடைய வலையை அவருக்கே எடுத்துத் தருகிறான். இதைவிட அவன் அறுத்துக்கொண்டு போயிருந்தால் பெரிய உபகாரம். ஏரம்பர் அவனையும் பார்த்தார், வலையையும் பார்த்தார். பிறகு முழங்காலை மடித்தார். ஒரு கையை மணலில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, ஒரு நூலிலும் தலைமயிர் படாமல் வலையின் கீழாலே மெல்லத் தவழ்ந்து, மறுபக்கம் போய் நிமிர்ந்தார். கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் ஓடினார்.