அண்ணிக்கு மாத்திரை கொடுத்த வேளைகள்

கோலார் தங்கவயலிலிருந்து என் அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, இருபது. பெங்களூர் அல்சூரில் ஆறு குடித்தனங்கள் இருந்த வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், ஷிஃப்ட் வேலை. நான் பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சர். வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம்.

முதல் ஏழெட்டு மாதம் அண்ணியைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் இல்லை. விடியும்போதே குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிடுவாள். வேலை செய்துகொண்டே பேசுவாள். சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீட்டில் அலமாரிப் பாத்திரமெல்லாம் எப்படிக் குலுங்கும் என்று கையை ஆட்டிக் காட்டுவாள். அவள் அப்பா அங்கே பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். கேட்டுக்கொண்டே நான் பள்ளிக்குக் கிளம்புவேன்.

பிறகு அவளுடைய இடது இமை இறங்க ஆரம்பித்தது. காலையில் ஒன்றுமிருக்காது. மதியத்துக்கு மேல் பாதிக் கண் மூடிவிடும். சாயங்காலம் இரண்டு கண்ணும் சொக்கிப்போய், தலையைப் பின்னால் சாய்த்துத்தான் எங்களைப் பார்ப்பாள். குடத்தைத் தூக்கியவள் நான்கு எட்டு வைத்ததும் கீழே வைத்துவிடுவாள். ராத்திரிச் சமையலுக்குள் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்துவிடும்.

"காத்தால குதிரை மாதிரி ஓடறா. சாயங்காலம் வேலைன்னா மட்டும் கண்ணு சொக்குது. நல்லா நக்ரா பண்றா, எல்லாம் நடிப்பு," என்றாள் அம்மா.

அதைவிட மோசம் அவளுடைய சிரிப்பு. சிரிக்க நினைத்தால் உதட்டின் ஓரங்கள் மேலே போகாது. நடுவில் மேலுதடு மட்டும் தூக்கிக்கொண்டு பல் தெரியும். நாய் உறுமுவதுபோல் இருக்கும். "மாமியாரப் பாத்து மொறைக்கறியாடி?" என்று அம்மா ஒருநாள் கரண்டியால் அவள் தோளில் அடித்தாள். அண்ணி சமாதானமாகச் சிரிக்க முயன்றாள். அந்த முகத்தைப் பார்த்து அம்மா இன்னொரு அடி போட்டாள்.

நான் என்ன செய்தேன் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எனக்கு மற்றவர்களைப்போல் பேசிக் காட்ட வரும். குழாயடியில் நான் இமையைத் தொங்கவிட்டு, மூக்கால், "அத்தே, தோ வந்துட்டேன் அத்தே" என்று சொன்னால் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இன்னொரு தரம் செய்யச் சொல்வார்கள். ஒருநாள் அப்படிச் செய்துகொண்டிருந்தபோது சிரிப்பு சட்டென்று நின்றது. திரும்பினேன். அண்ணி குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

தெருமுனை டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹிஸ்டீரியா. ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்," என்றார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை அரைநாள் பள்ளி. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் பின்வாசல் வழியாக வந்தேன். அண்ணி சமையலறையில் தனியாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொறுக்கினாள். பிடித்த கை சோர்ந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி பிடித்தாள். நடுநடுவே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்: "சாப்பாடு ஆயிடுச்சி அத்தை. சாப்பாடு ஆயிடுச்சி." மூன்றாவது தடவை குரல் மூக்குக்குப் போய்விட்டது. நிறுத்தி, மூச்சு வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பார்க்க யாருமில்லாத இடத்தில் யாரும் நடிக்க மாட்டார்கள். அது எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. வந்த வழியே வெளியே போய், கால் மணி கழித்து முன்வாசல் வழியாக வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. அண்ணிக்கு நோய் என்று ஆனால் ராத்திரிச் சமையலும் தண்ணீரும் என் தலையில் விழும். இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

மழைக்காலத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. குடித்த பால் மூக்கு வழியாக வந்து புரையேறி முகம் கறுத்ததை அன்று வீட்டிலிருந்த அண்ணன் பார்த்துவிட்டான். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அம்மாவும் நானும் கூடப் போனோம்.

அங்கே ஒரு கன்னட டாக்டர். அண்ணியை மேலே கூரையைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் இமைகள் இறங்கின. ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். முப்பதைத் தாண்டுவதற்குள் குரல் கரைந்துவிட்டது. கையில் ஒரு ஊசி போட்டார்.

பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். அண்ணியின் கண்கள் திறந்தன. முழுதாக, கல்யாணத்தன்று இருந்ததுபோல. "தெளிவா தெரியுது," என்றாள், தன் பழைய குரலில். தண்ணீர் கேட்டு ஒரு டம்ளரை மடமடவென்று குடித்தாள். அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

அம்மா எழுந்து நின்றாள். "பாத்தியாடா? ஒரு ஊசியில எல்லாம் போயிடுச்சி. இதுக்குப் பேரு வியாதியா? இத்தினி நாளா நம்மள ஏமாத்திகினு இருந்திருக்கா."

டாக்டருக்குத் தமிழ் புரிந்தது. "இது நாடக அல்லம்மா," என்றார் கோபமாக, கன்னடத்தில். பிறகு எங்களுக்காகத் தமிழில் சொன்னார். "நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேரல. ஊசி அதைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கும். மூணு நாலு மணி நேரத்துல மறுபடி பழையபடி ஆயிடுவா. மாத்திரை எழுதறேன். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி கண்டிப்பா குடுக்கணும். இல்லேன்னா சோறு மூச்சுக்குழாய்க்குப் போயிடும். குறைஞ்சாலும் ஆபத்து, ஜாஸ்தியானாலும் ஆபத்து."

மாத்திரை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதே ஊசியின் வேகம் குறைந்து அண்ணியின் தலை அண்ணன் தோளில் சாய்ந்துவிட்டது. அம்மா அதை ஜட்காவின் எதிர்ப் பலகையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாத்திரைப் புட்டியை அம்மா தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "எப்பெப்போ குடுக்கணும்னு ஒரு காயிதத்துல எழுதுடி," என்றாள் என்னிடம். "காத்தால அஞ்சரைக்கு ஒண்ணு, தண்ணி புடிக்க. சாயங்காலம் நாலுக்கு ஒண்ணு, சமையலுக்கு. போதும்."

டாக்டர் எழுதிய சீட்டு என் கையில் இருந்தது. அதில் சாப்பாட்டு வேளைகள் இருந்தன. நான் அம்மா சொன்னதை எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கும். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தண்ணீர் வந்தது, சமையல் நடந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கடைசியில் அண்ணி தட்டின் முன் உட்காரும்போது உடம்பில் மருந்து இருக்காது. தாடையைக் கையால் தாங்கிப் பிடித்து மெல்லுவாள். பாதியில் எழுந்து கஞ்சித் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் படுப்பாள். ஒருநாள் அம்மாவிடம், "அத்தை, மத்தியானத்துக்கும் ஒண்ணு குடுங்க, சாப்புட முடியல," என்று கேட்டாள். "மத்தியானம் இன்னா வேலை இருக்குது ஒனக்கு?" என்றாள் அம்மா. அண்ணன் கேட்டபோதெல்லாம், "டீச்சரே எழுதி ஒட்டியிருக்காளே, நீ போய்ப் பாரு," என்பாள். அண்ணன் போய்ப் பார்ப்பான். என்னை நம்பினான்.

தை மாதம் ஆனேக்கலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மதியம் மூன்று மணி. மருமகள் நோயாளி என்று தெரிந்தால் வீட்டையே சந்தேகப்படுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். ஒரு மாத்திரைக்கு ஒரு வேலை என்றால் நாலு மாத்திரைக்கு ஆள் முழுசாகிவிடுவாள் என்று அவள் கணக்கு. நாலும் கொடுத்தாள். நான் கண்ணாடி முன் பூ வைத்துக்கொண்டிருந்தேன். "இவ்ளோவா அத்தை?" என்று அண்ணி கேட்டது காதில் விழுந்தது. ஜாஸ்தியானாலும் ஆபத்து என்று டாக்டர் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. கொண்டை ஊசியை எடுத்துப் பூவைச் சரியாகக் குத்தினேன்.

விருந்தாளிகள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், பலகாரத் தட்டோடு வந்த அண்ணியின் வாயிலிருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்தது. நெற்றியெல்லாம் வியர்வை. கன்னத்திலும் கையிலும் தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் தசைகள் துடித்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அம்மா தட்டை வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே அவளைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். குளியலறையின் வெளித் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "பித்தம். வேற ஒண்ணுமில்ல," என்றாள்.

நான் காபி கொடுத்தேன். பள்ளியில் எந்த வகுப்பு எடுக்கிறேன் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். பின்னால் தகரக் கதவை யாரோ உள்ளங்கையால் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. முதலில் பலமாக, பிறகு லேசாக. பிறகு நின்றுவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவர்கள் அரைமணி நேரம் இருந்தார்கள்.

அவர்களை வாசல்வரை வழியனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தோம். ஈரத் தரையில் அண்ணி ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இழுக்கும்போது தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம். ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்த அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான்.

அவள் சாகவில்லை. தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, எச்சிலை உறிஞ்சி எடுத்து, மாற்று ஊசி போட்டு, அந்தக் கன்னட டாக்டர் இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றினார். எத்தனை மாத்திரை கொடுத்தது என்று கேட்டார். அம்மா, "அவளேதான் எடுத்துகினா," என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தங்கவயலிலிருந்து அவள் அப்பா வந்து ஆஸ்பத்திரியிலிருந்தே மகளை அழைத்துப் போனார். எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனேக்கல்காரர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டது. சித்திரையில் கல்யாணம். அடுத்த வருடம் அம்மா அண்ணனுக்கு வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தாள். அண்ணன் முடியாது என்று ஒரு மாதம் சொன்னான். பிறகு சொல்லவில்லை.

சில வருடம் கழித்து என் மகளுக்குக் காய்ச்சல் என்று அதே ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த டாக்டரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தங்கவயல் பெண் ஒருத்திக்கு அவர் பார்த்த அந்த வியாதியைப் பற்றிக் கேட்டேன்.

"வெளியிலிருந்து வர்ற கிருமியை அடிக்க உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கு. அந்தக் காவல் ஆள் தெரியாம தன்னோட தசையையே அடிக்குதுன்னு இப்போ வெளிநாட்டுல சில பேர் சொல்றாங்க. இன்னும் உறுதியாகல," என்றார். நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சுரப்பியை எடுத்தால் சில பேருக்குக் குறைகிறது என்றும் சொன்னார். "அந்தப் பொண்ணுக்கு மதராசுல எடுத்தாங்க. பொழச்சிகிட்டா," என்றவர், பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து, "நீங்க அவளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். தெரிந்தவள் என்றேன்.

அவளுடைய உடம்பு ஆள் தெரியாமல் செய்தது. எனக்கு அந்தச் சமாதானம் இல்லை.

அடுத்த மாதம் தங்கவயலுக்குப் போனேன். வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். அண்ணி தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கைக் கழுத்துக்கு மேலே தழும்பின் நுனி தெரிந்தது. இடது இமை மட்டும் லேசாக இறங்கியிருந்தது. என்னைப் பார்த்து எழுந்து, "வாம்மா," என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். என் மகளைப் பற்றி, அண்ணனுடைய பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணி."

"உன்மேல இன்னா இருக்குது? அத்தைதான் எல்லாம். நீ கல்யாணமாகாத பொண்ணு, அவங்க சொன்னத எழுதின. எனக்கு நெஜமாவே வியாதின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள். ஆனால் நான் சொன்னேன், அந்தச் சனிக்கிழமையைப் பற்றி, பின்வாசலில் நின்று பார்த்ததைப் பற்றி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு எத்தனையோ மாதம் முன்பே எனக்குத் தெரியும் என்பதைப் பற்றி.

அண்ணி மெஷின்மேல் கிடந்த துணியை நீவிவிட்டாள். பிறகு கேட்டாள்: "குளியல் ரூம்ல நான் தட்டினது கேட்டுதா?"

"கேட்டுது."

"கேட்டிருக்காதுன்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றாள். "வெளிய சத்தமா பேசிகினு இருந்தீங்க, அதனால கேட்டிருக்காதுன்னு."

என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். அதில் பாதி டீ இருந்தது. "நாலு மணிக்கு பங்காரப்பேட்டைக்கு பஸ் இருக்குது," என்றாள். திரும்பி உட்கார்ந்து மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கும்வரை அந்தச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன்பின் இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் பிரிக்கப்படாமல் ஆனேக்கலுக்கே திரும்பி வந்தன.