சுகுமாறன் அடித்த கல்யாணக் கார்டு

சுகுமாறன் எனக்குச் சித்தி மகன், தம்பி முறை. காப்பாரில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியே அவனுக்கு இடுப்பு போனது. இப்போது கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறான். கூட லோரி ஓட்டிய லோகனை நல்ல பிள்ளை என்று வீட்டுக்கு அழைத்து வந்து, தன் தங்கை உமாவைக் கட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

பதினாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு லோகனும் உமாவும் கோர்ட்டில் பிரிந்தார்கள். லோகன் ரவாங்குக்குப் போய்விட்டான். மகள் மாதவிக்கு அப்போது பதினாலு வயது. அம்மாவோடு கிள்ளானில் இருந்தாள். சனிக்கிழமைதோறும் அவளை வேனில் ஏற்றி ரவாங்கில் விட்டு, ஞாயிறு மாலை திரும்பக் கொண்டு வந்தது சுகுமாறன். அங்கே போனால் லோகன், "என்ன மச்சான், உன் தங்கச்சி வேவு பாக்க அனுப்பினாளா?" என்பான். இங்கே வந்தால் உமா, "உன் கூட்டாளி வீட்டுல சாப்டியாண்ணே?" என்பாள். சாப்பிட்டேன் என்றால் குற்றம். இல்லை என்றால் நம்பமாட்டாள்.

பத்து வருஷம் இப்படி ஓடியது. மாதவிக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவள் மாமனிடம் கேட்டது ஒன்றுதான்.

"மண்டபத்துல அம்மாவும் இருக்கணும், அப்பாவும் இருக்கணும். வேற ஒன்னும் வேணாம் மாமா."

கார்டு அடிக்கச் சுகுமாறன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அச்சுக் கடைக்குப் போனான். கடைக்காரர் காட்டிய மாதிரியில், 'லோகன் – உமா தம்பதியரின் மகள்' என்று இருந்தது. படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினான்.

உடனே உமா பேசினாள். "தம்பதியா? அவன் பேரு கார்டுல இருந்தா நான் மண்டபத்துக்கே வரல."

அடுத்து லோகன். "என் பேரு இல்லன்னா நான் எதுக்கு வரணும்? சோறு திங்கவா?"

கடைக்காரர், "அங்கிள், சீக்கிரம் சொல்லுங்க லா, பின்னால ஆளு நிக்குது" என்றார்.

நின்று நின்று சுகுமாறனுக்கு இடுப்பு கடுத்தது. ஒருவர் பேரும் இல்லாவிட்டால் ஒருவருக்கும் கோபம் வராது என்று தோன்றியது. "ரெண்டு பேரும் வேணாம் பாஸ். என் பேர்ல அடிங்க" என்றான்.

'எனது மருமகள் மாதவியின் திருமணத்திற்கு அன்புடன் அழைக்கும் சுகுமாறன்' என்று கார்டு வந்தது.

தங்கை மகளை மருமகள் என்பது நம் வழக்கம்தான். கார்டில் படித்தவர்கள் மகன் மனைவி என்று எடுத்துக்கொண்டார்கள். செமினியிலிருந்து பழைய கூட்டாளி ஒருவர் போன் போட்டார். "என்னண்ணே, மருமகளுக்குக் கல்யாணம்னா உங்க மகன் என்ன ஆனான்? டிவோர்சா?" சுகுமாறனுக்கு மகனே கிடையாது. இரண்டும் பெண்.

பேச்சு பரவியது. "பெத்தவ நான் இருக்கேன். என் மகளுக்கு ரெண்டாம் கல்யாணமான்னு கேக்கறாங்கண்ணே" என்று உமா அழுதாள். "நான் செத்துட்டனா மச்சான்?" என்று லோகன் கேட்டான். அதோடு நிற்காமல், பத்து வருஷம் கழித்து உமாவுக்கே போன் போட்டான். "உன் அண்ணன் பண்ண வேலைய பாத்தியா?" அரை மணி நேரம் இருவரும் சுகுமாறனைத் திட்டினார்கள். பிரிந்த பிறகு அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். நாம் போகாவிட்டால் அவனே அப்பா அம்மா ஆகிவிடுவான் என்று பேசி, இருவரும் கல்யாணத்துக்கு வந்தார்கள்.

மேடையில் மாதவிக்கு ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் அப்பா. படம் எடுக்கும்போது அவள், "மாமா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். உமாவின் முகமும் லோகனின் முகமும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பின. சுகுமாறன் பார்த்துவிட்டான்.

"வேன் வழிய மறிச்சு நிக்குதுமா. எடுத்து விட்டுட்டு வரேன்."

வேன் ஓரமாகத்தான் நின்றது. அதில் ஏறி உட்கார்ந்து இடுப்புக்குத் தைலம் தேய்த்தான். கல்யாணம் முடிந்து தீபாவளியும் வந்து போய்விட்டது. மாதவி மட்டும் மாப்பிள்ளையோடு வந்து போனாள். மற்ற இரண்டு வீட்டிலிருந்தும் அவனுக்கு இன்னும் ஒரு போன் இல்லை.