மல்கிரேவிலிருந்து ஆல்பரிக்கு, ஒரு வாக்குக்காக

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குக் காரில் போவது பற்றி எழுதும்படி வாசகர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பாதை எனக்கு அத்துப்படி என்று நினைக்கிறார்கள் போலும். நான் அதை முதன்முதலில் பார்த்தது 1975 டிசம்பரில், ஆளுநர் நாயகம் பிரதமரை வீட்டுக்கு அனுப்பியதால் வந்த ஒரு தேர்தல் வாரத்தில். திரும்பி வந்த பாதியைப் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கடந்தேன். காரணம் போகப்போகத் தெரியும்.

அப்போது நாங்கள் சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் யாழ்ப்பாணம், என் கணவர் செல்வம் ஹட்டன் தேயிலைத் தோட்டப்பகுதி. கண்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, இரு வீட்டாரும் கோபித்துக்கொள்ளக் கலியாணம் முடித்தோம். சிட்னியில் அவருக்கு ஓர் ஆய்வுகூடத்தில் வேலை, எனக்கு ஒரு சின்னக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் பகுதிநேர வேலை. அமெரிக்கப் பேராசிரியர் ஒருவருக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது: அவுஸ்திரேலியாவில் குடியேறிய அமெரிக்கர்கள் தங்கள் அரசியல் நம்பிக்கைகளையும் கூடவே கொண்டுவந்தார்களா, அல்லது சுங்கத்தில் விட்டுவிட்டார்களா? வீடு வீடாகப் போய் அதைக் கேட்பதுதான் என் வேலை.

சிட்னியில் நான் கேட்ட கடைசி அமெரிக்கர் ஓர் எஞ்சினியர். "உங்கள் அரசாங்கம் சரியானதையே செய்யும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்? எப்போதும், பெரும்பாலும், சில வேளை, ஒருபோதும் இல்லை" என்று வாசித்தேன்.

"எந்த அரசாங்கம்? அங்கே ஒன்றை விட்டுவிட்டு வந்தேன். நான் வந்த கொஞ்ச நாளில் இங்கேயும் ஒன்றைக் கலைத்துவிட்டார்கள். என் ராசி என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். ராசிக்குக் கட்டம் இல்லை. 'ஏனையவை' என்பதில் போட்டேன்.

மிச்சம் இருந்தவர்கள் மெல்பேர்னில். செல்வம் லீவு போட்டுக் கார் ஓட்ட வந்தார். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஹியூம் நெடுஞ்சாலை, கிட்டத்தட்ட 880 கிலோமீற்றர். அப்போது பெரும்பகுதி ஒற்றைப் பாதைதான். வீடு மாதிரி இழுத்துப்போகிற ஒரு கரவன் வண்டிக்குப் பின்னால் மாட்டினால் அதன் பின்பக்கத்தை மனப்பாடம் செய்துவிடலாம். பெற்றோல் லீற்றர் பதினைந்து சதம் அளவில். (பெருமூச்சு விடுபவர்கள் விட்டு முடித்துவிட்டுத் தொடரவும்.) செல்வம் மணிக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல் போகமாட்டார். இரவு எட்டரைக்குத்தான் மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் சனிக்கிழமை, தேர்தல். செல்வத்துக்கு முப்பத்தாறு வயது, அதுவரை ஒரு தடவையும் வாக்களித்ததில்லை. இலங்கையில் பிறந்தவர்தான். ஆனால் தோட்டத்துத் தமிழர்களின் வாக்குரிமையைப் பறித்தபோது அவர் குடும்பத்தினதும் போயிற்று. பிறகு இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று கிடைத்தது. அந்த நாட்டில் அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவுஸ்திரேலியாவுக்கு வந்தால் இங்கே வேறு கதை: பொதுநலவாய நாட்டுக் குடிமகன் என்றால் பிரித்தானியப் பிரசையாம், ஆறு மாதம் வசித்தால் வாக்குரிமையாம். உரிமை மட்டுமல்ல, போடாவிட்டால் தண்டப்பணம். செல்வம் மெல்பேர்னுக்குக் கொண்டுவந்த ஒரேயொரு நல்ல சேர்ட்டை அன்று காலையில் இரண்டு தரம் இஸ்திரிப் பெட்டியால் மினுக்கினார்.

மற்ற வீடுகளை முடித்துக்கொண்டு மெல்பேர்னின் புறநகரான மல்கிரேவுக்குப் போனோம். நான் பார்க்கவேண்டிய கடைசி வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி இருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் போடலாம் என்று நினைத்து உள்ளே போனோம்.

"எந்த இடம், லவ்?" என்று அலுவலர் என்னைக் கேட்டார். இங்கே யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் செல்வம் அவரை முறைத்தார்.

"மெரிலேண்ட்ஸ்."

"அது நியூ சவுத் வேல்ஸ் ஆயிற்றே. இது விக்டோரியா. வேறு மாநில வாக்கை இங்கே வாங்க முடியாது. உங்கள் மாநிலத்துக்குள் எங்கேயும் போடலாம். கிட்ட இருப்பது ஆல்பரி. ஆற்றைத் தாண்டினால் சரி."

"எந்த ஆறு?"

"அது ஒரு நாலு மணித்தியாலம் தள்ளி இருக்கிறது, லவ்."

வெளியே வந்ததும் செல்வம் சேர்ட் கையை மடித்துவிட்டார். "விடு கமலா. எனக்குப் பழகினதுதானே" என்றார். எனக்கு என்னவோ போல் இருந்தது. விண்ணப்பித்திருந்தால் தபாலில் போட்டிருக்கலாம். ஊர் ஊராகப் போய் வாக்குரிமை பற்றிக் கேள்வி கேட்கிற எனக்கு அது தோன்றவில்லை.

பட்டியலில் கடைசிப் பெயர் டோரதி. நாற்பது வயதிருக்கும், அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்தவர், இங்கே பள்ளி ஆசிரியை. ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் தந்தார். செல்வத்தை மூலையில் ஒரு கதிரையில் இருத்தி, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

"கடைசியாக எப்போது வாக்களித்தீர்கள்?" என்று கேட்டேன்.

டோரதி சிரித்தார். "ஒரு காலத்தில் வாக்களிக்கப் பயந்த கறுப்பின மக்களை என் காரில் ஏற்றிப்போய் வாக்காளராகப் பதிய வைத்தேன். என் கார்க் கண்ணாடியை இரண்டு தரம் உடைத்தார்கள். பிறகு வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தேன். முகவரி இல்லை என்று சொந்த ஊரில் என் பெயரை வெட்டிவிட்டார்கள். இங்கே நான் அந்நிய நாட்டவள். ஆக, எங்கேயும் இல்லை. அதற்குக் கட்டம் இருக்கிறதா?"

"எனக்கும் அப்படித்தான் மேடம்!" என்றது மூலைக் கதிரை.

"உங்களை ஆர் கேட்டது? பேசாமல் இருங்கோ" என்றேன். அவர் இருக்கவில்லை. ஹட்டனில் தொடங்கி ஆல்பரி வரை ஒப்பித்துவிட்டார். டோரதி தேநீர்க் கிளாசைக் கீழே வைத்தார்.

"இன்றைக்கு உங்களுக்கு வாக்கு இருக்கிறது. நீங்கள் இன்னும் போடவில்லை. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"எட்டு மணிக்குத்தான் மூடுவார்கள். காரில் பெற்றோல் இருக்கிறதா?"

அப்போது நேரம் மூன்றுக்குப் பத்து நிமிடம். டோரதி ஒரு பெரிய பிளாஸ்கில் மிச்சத் தேநீரை ஊற்றிக்கொண்டு முன்னால் வந்து ஏறினார். மெல்பேர்ன் எல்லையைத் தாண்டியதும் வேகமானியைப் பார்த்தார், செல்வத்தைப் பார்த்தார், "ஓரமாக நிறுத்துங்கள்" என்றார். அதன் பிறகு வண்டி அவர் கையில். நான் கண்ணை மூடியது அங்கேதான்.

பேட்டி பாதியில் நின்றிருந்தது. பின் ஆசனத்திலிருந்து மிச்சக் கேள்விகளைக் கத்திக் கத்திக் கேட்டேன்.

"வாக்களிப்பது சட்டப்படி கட்டாயமாக இருக்கவேண்டுமா?"

"ஒருபோதும் இல்லை! சுதந்திர மனிதனை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அதுதான் எங்கள் நம்பிக்கை" என்றபடி டோரதி ஒரு லொறியை முந்தினார்.

"அப்ப நிப்பாட்டுங்க மேடம், ஒரு டீ குடிச்சிட்டு ஆறுதலாப் போவோம்" என்றார் செல்வம், கதவுப் பிடியை இறுகப் பற்றியபடி.

"உங்களைச் சொல்லவில்லை! நீங்கள் போட்டே ஆகவேண்டும்!"

'கடுமையாக எதிர்க்கிறார்' என்று அடையாளமிட்டேன். வண்டி குலுங்கியதில் அது பக்கத்துக் கட்டத்திலும் விழுந்தது.

வங்கரட்டாவுக்குச் சற்று முன்னால் எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பியது. எங்கள் பழைய காருக்கு அந்த வெயிலும் அந்த வேகமும் புதிது. வயல்வெளி நடுவில் நின்றோம். சுற்றிவரச் செம்மறிகள், தண்ணீர் மட்டும் எங்கேயும் இல்லை. ரேடியேற்றர் ஆறும்வரை அரைமணி நேரம் காத்திருந்தோம். செல்வம் கடைசியில் பிளாஸ்கைப் பார்த்தார்.

"வேண்டாமப்பா, அதுக்குள்ளை சீனி கிடக்கு" என்றேன்.

"எங்க ஊரு தேயிலையா இருந்தா ஓடும்" என்று சொல்லிவிட்டு முழுவதையும் ஊற்றினார். ஓடியது. ஆல்பரி வரைக்கும் கார் கேக் வேகிற மாதிரி மணத்தது.

முரே ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மணி எட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். முதலில் கண்ட பள்ளிக்கூடத்தில் டோரதி பிரேக்கை மிதித்தார். கட்சிக்காரர்கள் ஓடிவந்து துண்டுப்பிரசுரம் நீட்டினார்கள். டோரதி எல்லாக் கட்சியிடமும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டார். செல்வம் எதையும் வாங்கவில்லை. மடித்த சேர்ட் கையை இறக்கி, பொத்தானைப் பூட்டி, தலை வாரிக்கொண்டு போனார்.

நான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு தரம் போட்டிருக்கிறேன், எனக்கு அது பெரிய விசயமில்லை. செல்வம் வரவில்லை. செனற் சபைக்கான தாள் மேசைவிரிப்பு அகலத்துக்கு இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் வரிசையாக எண் போடவேண்டும், ஒன்று பிசகினால் வாக்குச் செல்லாது. எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். டோரதி படியில் நின்றுகொண்டு, "உள்ளே இருப்பவர் முடிக்கலாம், அது சட்டம்" என்று யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டேகாலுக்குக் கதவு திறந்தது. செல்வம் வெளியே வந்தார். பென்சில் கரி மூக்கில் இருந்தது.

"ஒரு தாளக் கெடுத்துட்டேன்" என்றார். "போய்ச் சொன்னேன். இன்னொண்ணு குடுத்தாங்க. திட்டவே இல்ல கமலா."

நான் அதை இங்கிலீசில் சொன்னேன். டோரதி கையிலிருந்த துண்டுப்பிரசுரங்களால் முகத்தை விசிறிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார்.

அன்றிரவு ஆல்பரியில் மோட்டலில் தங்கினோம், இரண்டு அறை. மறுநாள் டோரதி ரயிலில் மெல்பேர்ன் திரும்பினார். சில வாரங்களில் அமெரிக்காவில் சட்டம் மாறி, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்குப் பழைய ஊரிலேயே வாக்கு என்று ஆயிற்று. அடுத்த ஆண்டு தபாலில் போட்டுவிட்டதாக எழுதியிருந்தார். அவருக்குப் பதிலாகப் பேராசிரியர் இன்னோர் அமெரிக்கரைத் தேடச் சொன்னார்: ஒரே கேள்விக்கு இரண்டு விடை இருக்கிறதாம். நேரில் வந்து பார்த்திருந்தால் அவரும் இரண்டையும்தான் போட்டிருப்பார்.

இதே பாதையில் போகிறவர்களுக்கு: இப்போது முழுவதும் இரட்டைச் சாலை, மெல்பேர்னிலிருந்து மூன்றரை மணித்தியாலத்தில் ஆல்பரி. ஆனாலும் கோடையில் காரில் தண்ணீர் வைத்திருங்கள், தேநீர் வேண்டாம். எங்களுக்கு அந்த ரேடியேற்றரை மாற்றவேண்டி வந்தது. வாக்களிக்கும் விதிகளும் நேரங்களும் மாறிவிட்டன. தேர்தல் காலத்தில் பயணம் என்றால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆல்பரியில் விடிந்ததைச் சொல்லி முடிக்கிறேன். யாருக்குப் போட்டார் என்று எவ்வளவு கேட்டும், "ரகசிய வாக்கு" என்று செல்வம் வாயே திறக்கவில்லை. நான் குளித்துவிட்டு வரும்போது கட்டிலில் இருந்து ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னப்பா, உங்கடை கட்சி வெண்டிட்டுதோ?" என்று கேட்டேன்.

"இல்ல கமலா," என்றார். "நாம தோத்துட்டோம்! நாம படுமோசமாத் தோத்துட்டோம்!"