யார் வீட்டு அவல்

வேளாங்கண்ணிக்குப் போகும் சாலையில் இருந்த கன்னியர் பள்ளியில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்த முதல் டிசம்பர் அது. ஆசிரியைகள் அறையில் சீட்டுக் குலுக்கினோம். யார் பெயர் வருகிறதோ, அவருக்கு நாம் யாரென்று காட்டாமல் ஒரு பரிசு வைக்க வேண்டும். விடுமுறைக்கு முந்தின நாள் எழுந்து நின்று, வைத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"எதுக்கு சிஸ்டர் இப்படி ஒளிச்சு வச்சுக் கொடுக்கணும்?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"சிவப்பு அங்கி போட்டு ஆட விடுறோமே கிறிஸ்துமஸ் தாத்தா, அவரு நெசத்துல ஒரு மேற்றிராணியாரு, பிஷப்பும்மா. மூணு பொண்ணுங்களக் கட்டிக் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பன் வீட்டு ஜன்னல் வழியா, ஆள் தெரியாம பொன்முடிப்பப் போட்டுட்டுப் போனாராம். வாங்குறவங்க தலை குனியக் கூடாதுல்ல?"

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தைத்தது. குத்தாலம் பக்கம் ஒரு மிராசுதாரிடம் அப்பா பண்ணையாளாக இருந்தவர். தீபாவளிக்கு முதல் நாள் அந்த வீட்டுக் கொல்லையில் வரிசையில் நிற்பார். கை பட்டுவிடாமல் மேலிருந்து வேட்டியைப் போடுவார்கள். அப்பா துண்டை விரித்துக் குனிந்து ஏந்திக்கொள்வார். கூலி உயர்வு கேட்டு அறுப்புக்கு இறங்க மறுத்த வருஷத்தோடு வேட்டி நின்றுபோனது. நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, ஏக்கருக்கும் குறைவான ஒரு துண்டு நிலம் அவர் பெயரில் பட்டாவானது.

எனக்கு வந்த சீட்டில் தமிழ் டீச்சரின் பெயர் இருந்தது. அதே மிராசுதாரின் மகள், கல்யாணமாகி நாகப்பட்டினம் வந்தவர். அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவரைத் தெரியும்.

எங்கள் வயலில் விளைந்த குறுவை நெல்லை அம்மா அவலாக இடித்துத் தந்தாள். கடைசி நாள் காலையில் யாரும் வருமுன் அவர் மேசையில் வைத்தேன். எல்லாருக்கும் முன்னால் எழுந்து, இது எந்த வயல் அவல், நான் யார் மகள் என்று சொல்வதற்குப் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவரோ அதில் வெல்லம் போட்டுப் பிசைந்து, தானும் தின்று, எல்லாருக்கும் ஒரு கை கொடுத்தார். "யாருங்க அந்தப் புண்ணியவதி? எழுந்திரிங்களேன்!" முகமெல்லாம் சிரிப்பு. நான் எழுந்திருக்கவில்லை. அந்த முகம் குனிவதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

ஊருக்குப் போய், சிஸ்டர் சொன்ன கதையிலிருந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன்.

"சாப்டாங்களா?"

"சாப்டாங்கப்பா."

"நம்ம வூட்டுதுன்னு தெரிஞ்சா சாப்டாங்க?"

"தெரியாதுப்பா."

"அந்தச் சாமியாரு ஒளிஞ்சு கொடுத்தது சரிதாம்மா. அவரு மேல இருந்தவரு. நாம எதுக்கு ஒளியணும்? தெரிஞ்சுல்ல சாப்டணும்."

பொங்கல் கழிந்து, புதுச் சம்பா அவலோடு போனேன். தமிழ் டீச்சர் தனியாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

"டிசம்பர்ல வச்சதும் நான்தாங்க. எங்கப்பா உங்கப்பா பண்ணையில வேலை செஞ்சவரு."

அவர் பேனா நின்றது. "எங்க வீட்ல..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் விட்டுவிட்டார். பிறகு பொட்டலத்தை அவிழ்த்து ஒரு வாய் அள்ளிப் போட்டு, மெதுவாக மென்றார். "உக்காருங்க டீச்சர்" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் நெருங்கிய சிநேகிதிகளாகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். பள்ளி திறக்கும் ஒவ்வொரு ஜூனிலும் அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் மறக்காமல் விசாரிப்பார்.